ஆறாம் நாளும் நாலாம் நாளும்

கரும்பலகையில் ஒரு கோட்டை இழுத்து, அதற்குள் நாலையும் ஆறையும் அடைத்தாள். இடது பக்கம் ஒரு இரண்டு. கீழே இரண்டும் மூன்றும்.

"பக்கத்துல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் சேத்துப் பெருக்குங்க. எவ்வளவு?"

"பன்னெண்டு மிஸ்!" ஆறாம் வகுப்பு மொத்தமும் கத்தியது. கத்தியவர்களில் பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவன் வாயைப் பார்த்துக் கத்தியது அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் என்ன செய்வது? மீச்சிறு பொது மடங்கை இந்த வாரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லித்தான் அவளை வேலைக்கே எடுத்திருந்தார்கள்.

புத்தகத்தில் இருந்த கணக்கை வாசித்தாள். ஒரு பேருந்து நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறது, இன்னொன்று ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை. இரண்டும் காலை ஆறு மணிக்கு ஒன்றாகக் கிளம்பினால், மறுபடி எப்போது ஒன்றாகக் கிளம்பும்?

"பன்னெண்டு நிமிஷம் கழிச்சு மிஸ்!"

இரண்டாம் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்றாள். தினம் ஒரு பென்சிலைத் தொலைத்துவிட்டு வருவதால் வகுப்பே அவளைப் பென்சில் என்றுதான் கூப்பிடும்.

"மிஸ், ஒண்ணாக் கிளம்பலன்னா?"

"என்னது?"

"ஆறு மணிக்கு ஒரு பஸ் டயர் பஞ்சராகி, லேட்டாக் கிளம்பிச்சுன்னா?"

வகுப்பு சிரித்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் தெரிந்திருந்தால் வந்திருக்காது. "கணக்குல பஞ்சர் ஆகல. கணக்குல என்ன இருக்கோ அத மட்டும் பாரு. உக்காரு."

பென்சில் உட்கார்ந்தது.

அவளுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்திலும் சரி, கல்லூரியிலும் சரி. கோடு போடு, வகு, பெருக்கு, விடை வரும். ஏன் வருகிறது என்று கேட்டால், வருகிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்பார்கள். வந்தது. வந்ததை வைத்துக்கொண்டு பட்டம் வாங்கினாள். அவள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் பாடம் நடத்தும்போதெல்லாம், இன்னொருத்தர் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரியே இருக்கும் அவளுக்கு. நடக்கலாம். ஓடத்தான் முடியாது.

அன்று வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு லீவு. நாலு மணிக்கு அவள் வீடு திரும்பியபோது, வாசல் படியில் வெயில் விழுகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஊரே நிழல் தேடி ஓடுகிற வெயில் அது. குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிற மனிதருக்கு வெயில் என்றால் சர்க்கரை. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் கிடங்கு. உருளைக்கிழங்கும் ஆப்பிளும் மலை மலையாகக் குவித்த அறைகளுக்குள் மூட்டை மாற்றுவதும் பெட்டி அடுக்குவதும் வேலை. தங்குவதும் அங்கேயே, பின்பக்கக் கொட்டகையில். அஞ்சு நாள் வேலை, ஆறாம் நாள் லீவு. கிடங்குக்கு ஞாயிறு கிடையாது. லீவன்று காலை ஒன்பது மணிக்கு வந்தால், சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் வேறு பஸ் இல்லை.

"வாங்க டீச்சரம்மா," என்றார் அப்பா. விரல் முட்டிகள் வெடித்து வெள்ளை பூத்திருந்தன. "இன்னைக்கு எத்தன பேர அடிச்சீங்க?"

"ஒருத்தரையும் அடிக்கல. சாப்டீங்களா?"

"ஆச்சு. உங்கம்மா வச்சுட்டுப் போனது. உப்புக் கூட." கையை வெயில் பக்கம் திருப்பிப் பிடித்தார். "உங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

வந்துவிட்டது. இந்த வீட்டில் அவளுக்குச் சம்பளமில்லாத வேலை ஒன்று உண்டு. அப்பா சொல்வதை அம்மாவிடமும் அம்மா சொல்வதை அப்பாவிடமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

"கம்பெனிக்காரன் புதுசா ஒரு கிடங்கு தொறக்கறான். ரொம்பத் தூரம். ரயில்லயே ரெண்டு நாள். என்னப் போகச் சொல்றான். போனா வருஷத்துக்கு ரெண்டு தடவதான் வர முடியும்."

"போறீங்களா?"

"உங்கம்மா போகாதன்னா போகல. அவகிட்ட கேளு. மாசக் கடைசில பதில் சொல்லணும்."

"நீங்களே போன்ல கேக்கலாமே?"

"போன்ல கேக்கற விஷயமா இது?" என்றார். பிறகு, வெயிலைப் பார்த்துக்கொண்டே, "அவளுக்குத்தான் என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலியே. நான் வர்ற நாளாப் பாத்து வேலைக்குப் போயிடறா. முன்னெல்லாம் அப்படியா? ஒரு லீவு விட்டு ஒரு லீவு வீட்லதான இருப்பா?"

அது உண்மைதான். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருந்தாள். மூணு நாள் வேலை, நாலாம் நாள் லீவு. விடிவதற்குள் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வருவாள். அப்பாவின் லீவும் அம்மாவின் லீவும் அடிக்கடி ஒரே நாளில் விழுந்த காலம் ஒன்று இருந்தது. போன மழைக்காலத்தில் நீராவி இஸ்திரியில் அம்மாவின் முன்கை வெந்துபோனது. அப்பாவுக்குத் தகவல் போயும் அவர் வரவில்லை. அடுத்த லீவுக்குத்தான் வந்தார். "நீங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன," என்று அம்மா கேட்டாள். அப்பா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நாளில் வீட்டில் இருக்கவே இல்லை.

அன்று ஏழு மணிக்கு அம்மா வந்து, கால் கழுவி, தரையில் முதுகைச் சாய்த்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவரே வந்து கேக்கட்டும். ஆள் விட்டுக் கேக்கறாரு."

"நான் ஆளா?"

"பின்ன யாரு? நான் வீட்ல இருக்கற நாளு வர மாட்டாரு. நான் இல்லாத நாளாப் பாத்து வருவாரு. வந்து தின்னுட்டு உப்புக் கூடம்பாரு."

உப்பு விஷயம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்கவில்லை. தங்கச்சி சமையல்கட்டு மறைவில் நின்று இளித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது படிக்கிற அவளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள்.

அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இரண்டு பேரும் ஒரே ஒரு நாள் நேருக்கு நேர் உட்கார்ந்துவிட்டால் அரைமணி நேரத்தில் முடிகிற காரியம். எப்போது சேர்ந்து லீவு வரும்? நாலுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று. காலையில்தானே போட்டாள்! கரும்பலகை அப்படியே கண்ணில் நின்றது.

"பன்னெண்டு," என்றாள் சத்தமாக.

"என்ன பன்னெண்டு?"

"இன்னைக்கு அப்பாவுக்கு லீவு. இன்னையிலேர்ந்து பன்னெண்டாம் நாள், அதாவது அடுத்த வாரம் விட்டு புதன்கிழமை, உங்க ரெண்டு பேருக்கும் லீவு. அன்னைக்குப் பேசிக்குங்க."

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். "எனக்கு வியாழக்கிழமைன்னு வருதே..."

"கணக்கு பொய் சொல்லாதும்மா. நீ தப்பா எண்ணியிருப்ப."

அம்மா மடக்கிய விரல்களை விரித்துவிட்டாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சவ."

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். எந்தப் புதன் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "அவளே சொன்னாளா?" என்றார். "கணக்கு சொல்லுது," என்றாள். "கணக்கு சொல்லுதா," என்றார் அப்பா. குரலில் என்ன இருந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

புதன்கிழமை விடியற்காலை அம்மா தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள்.

"எங்க போற? இன்னைக்கு லீவு!"

"நேத்து சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். நாளைக்குத்தான்ட்டான். எம் பொண்ணு கணக்குப் போட்டுச் சொன்னா சார்னு சொல்லிப் பாத்தேன். அப்ப உம் பொண்ணையே வந்து துணி மடிக்கச் சொல்லுங்கறான்." அம்மா செருப்பை மாட்டினாள். "சமைச்சு வச்சிருக்கேன். உப்புப் பாத்துத்தான் போட்டிருக்கேன்."

நாலு மணிக்கு அவள் வீடு வந்தபோது அப்பா புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டியிருந்தார். கிடங்கில் கழித்துப் போட்ட ஆப்பிள்களில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார்.

"பாத்தியாம்மா? நான் வர்றேன்னு தெரிஞ்சும் போயிட்டா."

"இல்லப்பா, அது வந்து..."

"நீ என்ன பண்ணுவ. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அடுத்த லீவு முடிஞ்சு போறப்ப, புதுக் கிடங்குக்குப் போறேன்னு கம்பெனிக்காரன்கிட்ட சொல்லிடறேன்."

அஞ்சு மணி பஸ்ஸுக்கு நாலரைக்கே போய்விட்டார். ஆப்பிள் பையைத் தொடவில்லை யாரும். வாலு மட்டும் ஒன்றை எடுத்து, பெரியவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

எங்கே தப்பு? ராத்திரி சாப்பிடும்போதும் மறுநாள் வகுப்பில் நிற்கும்போதும் அவள் மண்டைக்குள் இதுவேதான். நாலும் ஆறும் பன்னிரண்டில் சேரும். சேராமல் எங்கே போகும்? கோடு போட்டு வகுத்தாள். பன்னிரண்டு. நாலாம் வாய்ப்பாடு சொன்னாள், ஆறாம் வாய்ப்பாடு சொன்னாள். பன்னிரண்டு. சரியான விடை. ஆனால் வீட்டில் அது நடக்கவில்லை. இத்தனை வருஷம் படித்தது இத்தனூண்டு வீட்டுக்குக்கூட உதவாதா? தன்மேல் வந்த கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டினாள். அன்று மூன்று பேரை வெளியே நிற்க வைத்தாள். அதில் ஒருத்தி பென்சில்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டில்தான் இருந்தாள். லீவு. அப்பா விட்டுப்போன கம்பளிக் காலுறைகள், தன்னுடைய தலைத்துணிகள் எல்லாவற்றையும் துவைத்து வாளியில் போட்டு வைத்திருந்தாள். "கொடியில போடு," என்று அவளிடம் நீட்டினாள். ஊர்ச் சலவையெல்லாம் செய்துவிட்டு வீட்டுச் சலவையும் செய்கிறவளுக்குக் கை தூக்க முடியாது.

கொடியில் வரிசையாகத் துணிக் கவ்விகள் மாட்டியிருந்தன. அவள் ஒரு காலுறையை எடுத்து முதல் கவ்வியில் தொங்கவிட்டாள். அப்படியே நின்றாள். இது அப்பா. வெள்ளிக்கிழமை. ஆறு கவ்வி தள்ளி இன்னொரு காலுறை. அதிலிருந்து ஆறு தள்ளி இன்னொன்று. தலைத்துணியை எடுத்தாள். அம்மாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை லீவு இல்லை. மறுநாள்தான். இரண்டாவது கவ்வியில் மாட்டினாள். அங்கிருந்து நாலு நாலாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"வாலு! பக்கத்து வீட்டுக் கொடியில இருக்கற கவ்வியெல்லாம் எடுத்துட்டு வா."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். எடுத்துட்டு வா."

காலுறையும் தலைத்துணியும் கிட்டக்கிட்ட வந்தன. ஒரு இடத்தில் அடுத்தடுத்து நின்றன. பிறகு விலகின. மறுபடி நெருங்கி, மறுபடி ஒரு கவ்வி தள்ளியே நின்றன. ஒரே கவ்வியில் ஒரு தடவைகூட வரவில்லை. அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காலுறை எல்லாம் ஒற்றையில் விழுந்தது. தலைத்துணி எல்லாம் இரட்டையில்.

ஒண்ணாக் கிளம்பலன்னா?

அந்தக் குட்டி கேட்டதே! கேட்டதை உட்கார வைத்தாளே! ஒன்றாகக் கிளம்பினால்தான் பன்னிரண்டு. ஒரு நாள் தள்ளிக் கிளம்பினால்...

"துணி காயப் போடறியா, வேலி கட்டறியா?" என்று அம்மா உள்ளிருந்து வந்தாள்.

"அக்கா, எப்ப சேரும்?" என்றாள் வாலு. அவளுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

"சேராது."

"நூறு நாள் கழிச்சு?"

"சேராது."

"ஆயிரம் நாள்?"

"வாய மூடுடி." அம்மாவிடம் திரும்பினாள். "நீ எப்ப லீவ மாத்தின?"

"நான் எங்க மாத்தினேன்? கை வெந்து படுத்துக் கிடந்துட்டுப் போனேன்ல, அப்ப வேற பேட்ச்ல போட்டுட்டான். ஏன்?"

"ஒரு நாள் தள்ளிப் போச்சும்மா. ஒரே ஒரு நாள். அதனால ஆயுசுக்கும் உனக்கும் அப்பாவுக்கும் ஒண்ணா லீவே வராது. நீ அவர ஒதுக்கல. அவரும் உன்ன ஒதுக்கல. நீ வேணும்னே மாத்திக்கிட்டன்னு அவரு நினைக்கறாரு. அவரு வேணும்னே வர்றதில்லன்னு நீ நினைக்கற."

அம்மா கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலுறைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப தப்பு யாரு மேலதான்?"

அவள் வாளியை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "யாராவது ஒருத்தர் ஒரு நாள் மாத்தினாப் போதும். அவருக்கு வர்ற செவ்வாய் லீவு. உனக்குத் திங்கள். கூட வேலை பாக்கறவங்ககிட்ட மாத்திக் கேளு."

"நான் எதுக்குக் கேக்கணும்? வெந்தது என் கை. அவரு மாத்தட்டும்."

அப்பாவுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கு மிஷின் இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப அவ வேணும்னு செய்யலியா?"

"இல்லப்பா. நீங்க ஒரு நாள் முன்னால திங்கட்கிழமை லீவு வாங்கிட்டு வாங்க."

"நான் போய் சூப்பர்வைசர்கிட்ட பல்லக் காட்டணுமா? ஏன், உங்கம்மா மாத்தினா என்ன, குறைஞ்சா போயிடுவா?"

அவள் போனைத் தரையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பின்மூடி கழன்று ஓடியது. "ரெண்டு பேரும் எக்கேடு கெட்டுப் போங்க," என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வாலு மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வகுப்பில் முதல் வேலையாகப் பென்சிலை எழுப்பினாள். "நீ கேட்டது நல்ல கேள்வி. சில சமயம் சேரும், சில சமயம் சேராது," என்றாள். பென்சில், "எப்ப சேரும் மிஸ், எப்ப சேராது?" என்றாள். இவள் சிரித்துவிட்டாள். "சேந்து கண்டுபிடிப்போம். உக்காரு."

திங்கட்கிழமை விடியற்காலையில் அம்மா தலைத்துணியோடு நின்றாள்.

"உனக்கு இன்னைக்கு லீவுதானே?"

அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு செருப்பைத் தேடினாள். செருப்பு காலடியிலேயே கிடந்தது. "கூட வேலை பாக்கறவகிட்ட மாத்திக்கிட்டேன். இன்னைக்கு நான் பாக்கறேன், நாளைக்கு அவ பாப்பா. நாளைக்குத்தான உங்கப்பா வர்றாரு?"

அவள் செருப்பைக் காலால் தள்ளிக் கொடுத்தாள். "ஆமாம்மா. நாளைக்குத்தான்."

"நீ ஒண்ணும் போன் போட்டுச் சொல்லாத. என்னமோ நான் தவம் கிடக்கற மாதிரி நினைச்சுப்பாரு."

அன்று முழுக்க அவள் பள்ளிக்கூடத்தில் யாரையும் திட்டவில்லை. நாலு மணிக்குத் தெருமுனை திரும்பியபோதே வாலு எதிரே ஓடி வந்தாள். புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை.

"அக்கா, அப்பா வந்திருக்காரு!"

"நாளைக்குத்தானடி?"

"மாத்திக் கேட்டு வந்துட்டாராம்!"

அவள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? ஒருத்தர் நகர்ந்திருந்தால் சேர்ந்திருக்கும். இரண்டு பேருமே நகர்ந்து, இடம் மாறி நின்றுகொண்டார்கள். இவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? அந்த ஒரு வார்த்தைதான் இரண்டு பேருக்குமே கழுத்தில் கத்தி.

அப்பா அடுப்படியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். ஒரு பாத்திரம் நிறையச் சீவியிருந்தார். காலையிலிருந்து அதையேதான் செய்துகொண்டிருந்தார் போல.

"மாத்தலாம்னுதான் மாத்தினேன்," என்றார் நிமிராமல். "இன்னைக்கு லீவுன்னு சொன்னியே. இன்னைக்கும் போயிட்டா."

"அவளும் மாத்திட்டாப்பா."

கத்தி நின்றது. "என்னைக்கு?"

"நாளைக்கு. நீங்க நாளைக்கு வருவீங்கன்னு."

அப்பா கிழங்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எனக்காகவா மாத்தினா?"

"பின்ன எனக்காகவா?"

"கேட்டா குடுத்தாங்களா? சூப்பர்வைசர் திட்டியிருப்பானே?"

"எனக்கு என்ன தெரியும்? எங்கிட்டயே சொல்லல. நீங்க சொன்னீங்களா? நாலு பேர் இருக்கற வீட்ல ஆறு ரகசியம்." கடிகாரத்தைக் காட்டினாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போங்க. போய், வர்றேன்னு சொல்லிட்டு ரயில் ஏறுங்க."

அப்பா இன்னொரு கிழங்கை எடுத்தார். சீவினார். தோல் அறுபடாமல் நீளமாக வந்து விழுந்தது. நாலரை ஆனது. வாலு அவர் பையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

"அப்பா, பஸ்ஸு," என்றாள் வாலு.

"தெரியும்மா."

அஞ்சு மணி பஸ் பெரிய தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது வீட்டுக்குள்ளேயே கேட்டது. மூன்று பேரும் கேட்டார்கள். அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். அவருடைய போன் அடித்தது, கிடங்கிலிருந்து. பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். அது அடித்து அடித்து ஓய்ந்தது.

ஏழு மணிக்கு அம்மா வந்தாள். தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டே உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றாள்.

"நாளைக்குத்தான லீவு?" என்றாள் யாரிடம் என்றில்லாமல்.

"இன்னைக்கு மாத்தி வாங்கினேன்," என்றார் அப்பா.

"நான் நாளைக்கு மாத்தி வாங்கினேன்."

"தெரியும்."

"அஞ்சு மணி பஸ் போயிடுச்சா, விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன்."

அம்மா அவரைப் பார்த்தாள். எத்தனை மாதத்துக்கு அப்புறமோ நேராகப் பார்த்தாள். கோபமா, அழுகையா, சிரிப்பா, பெரியவளுக்குப் பிடிபடவில்லை. மூன்றும் ஒரே முகத்தில் இருந்தன. பிறகு பழக்கத்தில் அம்மா இவள் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாவக் கேளுடி, ரயில் ஏறப் போறாராமா?"

அப்பாவும் இவள் பக்கமே திரும்பினார். "உங்கம்மாகிட்ட சொல்லு..."

"நான் சொல்ல மாட்டேன்!" அவள் கத்திய கத்தலில் வாலு இரண்டடி பின்னால் போனாள். "ரெண்டு பேரும் ஒரே ரூம்ல நிக்கறீங்க. அவரு மூஞ்சி அங்க இருக்கு, உன் மூஞ்சி இங்க இருக்கு. நீங்களே பேசுங்க. நான் போஸ்ட்மேன் இல்ல."

வாலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சந்தில் காற்றே இல்லை. எதிர் வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமை நீண்டுகொண்டே போனது. கதவைச் சாத்தியது தப்போ என்று அவளுக்குத் தோன்றியது. என்ன செய்துவிட்டோம்?

திடீரென்று அம்மாவின் குரல் வெடித்தது. "கை வெந்து கெடந்தப்ப வராத ஆளு, இப்ப என்னத்துக்கு வந்தீங்க?" அப்பா என்னவோ சொன்னார். அம்மா அதைவிடச் சத்தமாகச் சொன்னாள். இப்போது அப்பாவும் கத்தினார். பாத்திரம் ஒன்று உருண்டது. கிழங்கெல்லாம் கொட்டியிருக்கும்.

"அக்கா, சண்ட போடறாங்க," என்றாள் வாலு, அழுகிற மாதிரி.

"போடட்டும்."

"நிறுத்தச் சொல்லுக்கா."

"வேணாம். இரு."

எதிர் வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். உள்ளே குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. எந்த வார்த்தை யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. பிறகு அம்மாவின் குரல் மட்டும் தனியாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"வருஷத்துக்கு ரெண்டு நாள் வருவீங்களோ? அந்த ரயில்ல எப்படி ஏறறீங்கன்னு நானும் பாக்கறேன்!"

அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஏதோ சின்னதாகச் சொன்னார்.

வாலு அக்காவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னக்கா ஆச்சு? சேந்துட்டாங்களா, இல்லியா?"

அவள் கதவில் காதை வைத்தாள். உள்ளே அம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.